அரசிலைப் பதக்கமும் அதன் விதிகளும்

விழா மலர் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பழைய மாணவர் பெரும்பாலோர் முதலில் நாடுவது கட்டுரைகளை அன்று, பெயர்ப் பட்டியலையே. தம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் இன்று யாதாயினான், அவன் பெயருக்கு முன்னே என்ன ஏறியிருக்கின்றது, பின்னே என்ன தொடர்கின்றது என விரலால் தடவிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. யானும் அதற்கு விலக்கானவன் அல்லன். இப்பொழுது எமது சங்கத்தாருட் சிலர், விழா ஆண்டின் நினைவாகக் கல்லூரிக்கென ஒரு மதிப்பு விருதினை நிறுவுதல் வேண்டும் எனக் கூறிவருகின்றனர். எண்ணம் நல்லதே. ஆயின், விருது நிறுவ முற்படுவோர் பதக்கத்தின் வடிவையும் நாடாவின் நிறத்தையும் முதலிற் சிந்திக்கின்றனர். விதிகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றனர். யான் கேட்ட பேச்சுக்களிலும் அதுவே நடந்தது. பதக்கம் எத்துணை அழகிதாயினும், அதன் பெருமை நிலைப்பதும் குன்றுவதும் யாருக்கு, எத்தனை பேருக்கு, எப்பொழுது என்னும் வரையறைகளாலேயே என்பது என் துணிபு. இதனை விளக்குதற்கு, அயல்நாடாகிய பாரதத்தின் தலையாய விருதாம் பாரத ரத்தினத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுகின்றேன். கடலுக்கு அப்பால் நிகழ்ந்த கதையாயினும், அதன் முதற் பெயர்கள் எமக்கு அயலானவை அல்ல.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவிற் பட்டங்களுக்குக் குறைவிருக்கவில்லை. சேர் என்றும், திவான் பகதூர் என்றும், ராவ் பகதூர், ராய் பகதூர் என்றும் அவை படிப்படியாக இறங்கி வந்தன. எம் நாட்டிலும் முதலியார், முகாந்திரம் எனக் குறிச்சிக்கொரு பட்டம் இருந்தது. அரசினர்க்கு அடங்கி நடந்தவரும் பெற்றனர். உண்மையிலேயே தகுதியுடையோரும் பெற்றனர். இரு சாராருக்கும் ஒரே நூலாற் கோத்த மாலையே விழுந்தது என்பதுதான் அம்முறையின் இழுக்கு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் சென்னை அரசாங்கத்தில் ஊழியம் புரிந்து ராவ் பகதூர் ஆனவரே. ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த நாளில் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் அச்சேற்றி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் பதிப்பித்த அப்பெரியாரை இன்று தமிழ் கற்போர் நினைப்பது அப்பதிப்புக்களுக்காகவே. ராவ் பகதூர் என்பதைப் பழைய நூலின் முகப்பிற் காணும் மாணவன், அதன் பொருள் யாதென ஆசிரியரிடம் கேட்கின்றான்.

சுதந்திரம் பெற்ற இந்தியா அம்மரபை வேரோடு களைய விரும்பியது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் ஒழிந்த வேறெப் பட்டத்தையும் அரசு வழங்குதல் கூடாது என விதித்தது. ஆயின், பட்டங்களை ஒழித்த அரசுக்கும் நன்றி கூறும் கடன் ஒழிந்துவிடுமா? நாட்டுக்கு உழைத்தவனை நாடு அறிந்துகொண்டது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டாவா? இவ்வினாவுக்கு விடையாக 1954ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி பாரத ரத்தினம் நிறுவப்பெற்றது. அதனோடு பத்ம விபூஷண் என்னும் விருதும் மூன்று வகுப்புக்களாகத் தோன்றிற்று. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எனப் புகைவண்டிப் பெட்டிகளைப்போல மனிதரைப் பிரித்தது எவர்க்கும் உவப்பாயிருந்திராது. அடுத்த ஆண்டே அவை பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்ம ஸ்ரீ எனப் பெயர் மாறின. மூன்றாம் வகுப்பு என்று எழுதிய பதக்கத்தை மார்பில் அணிந்துகொண்டு மகள் திருமணத்துக்குப் போவார் உளரோ?

முதலாண்டிற் பாரத ரத்தினம் பெற்றோர் மூவர்: சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், ச. வே. இராமன். மூவரும் அந்நாளைய சென்னை மாகாணத்திற் பிறந்தவர்கள். ஒருவர் இந்தியாவின் கடைசி மகாதேசாதிபதியாய் இருந்தவர்; வியாசர் விருந்து எழுதி வீட்டுக்கு வீடு பாரதக் கதையை எளிய தமிழிற் கொண்டுசென்றவர். ஒருவர் எமது சமய தத்துவத்தை மேனாட்டார் மொழியில், மேனாட்டார் மறுக்கவொண்ணா முறையில் எடுத்துரைத்தவர். மற்றையவர் 1930ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்ற பௌதிகப் பேரறிஞர். இத்தெரிவில் யான் வியப்பது ஒன்றுண்டு. விருது பெற்று ஐந்தாண்டு கழிவதற்குள், 1959ஆம் ஆண்டில், இராசாசி அவர்கள் நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியை நிறுவினார். பழைய ராவ் பகதூர்களிடம் அரசினர் எதிர்பார்த்தது இதனை அன்று. விருது அவரை வாங்கவில்லை. அவரும் விருதுக்காக நாவை அடக்கவில்லை. நல்ல விருதுக்கு இதனினும் சிறந்த தொடக்கம் அமையாது.

இனி வடிவத்தைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் வர்த்தமானி விதித்தது 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமான பொற்பதக்கம். நடுவே ஞாயிறு; மேலே தேவநாகரி எழுத்தில் பாரத ரத்தினம் என்னும் பெயர்; கீழே மலர்வளையம்; பின்புறத்தில் அசோகனின் சிங்கத் தூண் இலச்சினையும், முண்டக உபநிடதத்தினின்று எடுத்த அரச வாசகமும். குறை கூற இதில் ஒன்றுமில்லை. ஆயின் சிறப்பெனக் கூறவும் ஒன்றுமில்லை. எந்த நாட்டுப் பதக்கமும் இப்படியே வட்டமாய், வளையத்தோடு இருக்கின்றது. நாணயம் ஒன்றைச் சற்றுப் பெருக்கிக் கழுத்திற் கட்டியது போன்றது அது.

அடுத்த ஆண்டே வட்டம் நீங்கி அரசிலை வந்தது. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட வெண்கல இலை; விளிம்பு பிளாற்றினம்; இலையின் முகத்திற் பிளாற்றினத்தாலான ஞாயிறு கதிர் விரித்து நிற்கின்றது. வெண்ணிற நாடாவிற் கோத்துக் கழுத்தில் அணிவது. கல்கத்தாவின் அலிப்பூர் நாணயசாலையில் இது வார்க்கப்படுகின்றது. பொன் போய் வெண்கலம் வந்ததை மதிப்புக் குறைவெனக் கருதுவோர் உண்டு. யான் அவ்வாறு கருதேன். பொன்னுக்கு விலை உண்டு, விலையுள்ளது விற்கப்படும். எமது திருமேனிகளை வார்த்த உலோகம் எது என்பதையும் நினைத்தல் தகும்.

இலையைத் தெரிந்தவர் யாராயினும் அவர் நாட்டை அறிந்தவர். சிந்துவெளி முத்திரைகளில் அரசிலை உண்டு. மரங்களில் அரசு தானே எனக் கண்ணன் அருச்சுனனுக்கு உரைத்ததாகக் கீதை கூறும். புத்தர் ஞானம் பெற்றதும் அதன் அடியிலேயே. அதன் கிளையொன்று சங்கமித்தையாற் கொணரப்பெற்று அநுராதபுரத்தில் இன்றும் தழைத்து நிற்பதை எம் நாட்டிற் குழந்தையும் அறியும். பிள்ளையாரை நாம் இருத்துவதும் அரசமரத்து நிழலிலேயே. ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரை நோக, இது எமது சின்னம் என்று கூறவியலாத ஒன்றைத் தேடிப் பிடித்தது அறிவுடைமை. தமிழருக்கு மட்டும் உரிய ஒரு சுவையும் இதில் உண்டு. அரசு என்னுஞ் சொல் எமக்கு மரத்தையும் குறிக்கும், ஆட்சியையும் குறிக்கும். வடிவமைத்தோர் இதனை நினைத்திருக்க மாட்டார்கள், அதனால் என்ன?

பதக்கத்தோடு சனாதிபதி கைச்சாத்திட்ட பட்டயம் ஒன்று தரப்படும். பணம் தரப்படுவதில்லை. எவரும் விண்ணப்பம் செய்யவேண்டியதில்லை; பிரதமர் சனாதிபதிக்குப் பரிந்துரைப்பார், அவ்வளவே. ஓராண்டில் மூவர்க்கு மேல் வழங்குதல் கூடாது என்பது வரையறை. பெயருக்கு முன்னோ பின்னோ இதனைச் சேர்த்து எழுதுதலும் கூடாது. இக்கடைசி விதி ஏட்டில் உறங்கிய விதியன்று. விருதுகள் யாவும் 18ஆம் உறுப்புரைக்கு முரணான பட்டங்களே என 1992ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டு, சில ஆண்டுகள் விருது வழங்கலே நின்றது. 1995ஆம் ஆண்டு திசெம்பர் 15ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இவை பட்டங்கள் அல்ல, ஆயின் பெயரோடு சேர்த்து வழங்கினால் பட்டங்கள் ஆகிவிடும், ஆதலின் அவ்வாறு சேர்த்தல் ஆகாது. நூலிழை போன்ற வேறுபாடுதான். எனினும் அவ்விழையிலேயே முழு விருதும் தொங்குகின்றது.

எம் நாட்டார் இவ்விடயத்தில் வேறு வழி சென்றனர். சுதந்திரத்தின் பின்னரும் சில ஆண்டுகள் இலண்டனிலிருந்து சேர் பட்டங்கள் வந்தன. 1956ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு அவை நின்றன. 1986ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய விருதுகளுள் தலையாயது ஸ்ரீ லங்காபிமான்ய. ஒரே காலத்தில் உயிரோடிருப்போர் ஐவரே அதனை உடையோராயிருக்கலாம் என்னும் விதி, இந்தியரின் ஆண்டுக்கு மூவர் என்னும் விதியினும் இறுக்கமானது, நல்லது. ஆனால் அதுவும், அதன் கீழுள்ள தேசமான்ய, தேசபந்து முதலியனவும் பெயருக்கு முன்னே ஏறி உட்கார்ந்துகொள்ளுகின்றன. சேர் போன இடத்தில் வேறொன்று வந்தமர்ந்தது. இராமநாதனையும் அருணாசலத்தையும் இன்றும் சேர் இன்றிக் குறிப்பிட எம் நாக்குத் தயங்குகின்றதே! பட்டத்தின் மீது எமக்குள்ள பற்று ஆழமானது. இவ்வகையில் இந்தியரின் விதியே மேல் என்பேன்.

ஆயினும் இந்தியர் தமது விதிகளை எல்லாம் காத்தாரில்லை. 1954ஆம் ஆண்டு வகுத்த விதிகளில், இறந்தவர்க்கு இவ்விருதை வழங்க இடமிருக்கவில்லை. முதற் பன்னிரண்டு ஆண்டுகளில் பதின்மூவர் பெற்றனர், அனைவரும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். விதவைகளின் கல்விக்கும் மறுமணத்துக்கும் வாழ்நாளை ஈந்த கார்வே அவர்கள் தமக்கு நூறாண்டு நிறைந்த 1958ஆம் ஆண்டிற் பெற்றார். 1930 முதல் 1962 வரை தர்மசாத்திர வரலாற்றை ஐந்து பாகங்களாக எழுதி முடித்த காணே அவர்கள் அடுத்த ஆண்டு, எண்பதைக் கடந்த முதுமையிற் பெற்றார். இப்பெயர்களைப் படிக்கும்பொழுது எனக்கொரு காட்சி தோன்றும்: முதியவர் ஒருவர், தம் ஊழியம் வீணாகவில்லை என்பதைத் தம் கண்ணாற் கண்டு, தம் காதாற் கேட்டு நிற்கின்றார்.

1966ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி, பாகிஸ்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட மறுநாள், தாஸ்கந்து நகரிற் பிரதமர் லால் பகதூர் சாத்திரி காலமானார். நாடு கலங்கி நின்றது. அம்மாதத்திலேயே விதி மாற்றப்பட்டு அவருக்குப் பாரத ரத்தினம் அளிக்கப்பட்டது. அக்கண்ணீரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும், ஒரு நல்ல மனிதர்க்காகத் திறந்த வாயில் அதன் பின்னர் மூடப்படவேயில்லை. முதற் பதின்மூவர் நீங்க, 2024ஆம் ஆண்டு வரை பெற்றோர் நாற்பதின்மர். அவருட் பதினெண்மர் இறந்தபின் பெற்றவர்கள்.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். விருது என்பது இருவர் செயல். ஒருவர் கொடுக்கின்றார், மற்றவர் கொள்ளுகின்றார், அல்லது வேண்டா என மறுக்கின்றார். மறுக்கும் உரிமை உள்ளவன் ஏற்கும்பொழுதுதான் கொடுத்தவர்க்கும் பெருமை. மௌலானா ஆசாத் அவர்கள் அமைச்சராயிருந்த காலத்தில், தெரிவு செய்வோர் தாமே பெறுதல் முறையன்று எனக் கூறி இவ்விருதை மறுத்தார் என்பர். அவர் 1958ஆம் ஆண்டில் மறைந்தார். 1992ஆம் ஆண்டில் அவருக்கு அது வழங்கப்பட்டது. மறுத்தவர் இல்லாதபொழுது மறுப்பும் இல்லாதொழிந்தது! அதே ஆண்டில் சுபாஸ் சந்திர போசுக்கும் மறைந்தார்க்குரிய முறையில் விருது அறிவிக்கப்பட்டது. அவர் இறந்தார் என்பதையே ஒப்பாத மக்களிடையே பெருங் குமுறல் எழுந்தது. குடும்பத்தாரும் ஏற்க மறுத்தனர். விடயம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1997ஆம் ஆண்டில் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. போசுக்குப் பெருமை சேர்க்கப் புகுந்து அவர் பெயரை வழக்கேட்டில் ஏற்றியதே கண்ட பயன்.

வல்லபாய் பட்டேல் 1950ஆம் ஆண்டில் மறைந்தவர். விருது பிறப்பதற்கு முன்னரே போய்விட்டார். 1991ஆம் ஆண்டில் அவருக்கு அளித்தனர். காசிப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மாளவியா 1946ஆம் ஆண்டில் மறைந்தவர். அவருக்கு 2015ஆம் ஆண்டில். அன்னார் தகுதியை ஐயுறுவார் இலர். ஆனால் இப்படிப் பின்னோக்கிச் சென்றால் எங்கே நிற்பது? திலகருக்கு ஏன் இல்லை, பாரதிக்கு ஏன் இல்லை என்று கேட்டால் விடை யாது? கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். தேர்தல் வருந்தோறும் உரத்து எழும். அம்பேத்கருக்கு 1990ஆம் ஆண்டில் அளித்தது மட்டும் என் வாதத்தைச் சற்றே தடுமாறச் செய்கின்றது. தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கப்பட்ட கோடிக்கணக்கான மக்கள், தம்மவர் ஒருவரை நாடு ஏற்றுக்கொண்டது என அன்று கண்டனர். அதன் பயனை யான் மறுக்கத் துணியேன். எனினும் 1954க்கும் அவர் மறைந்த 1956க்கும் இடையில் இரண்டாண்டுகள் இருந்தன. அரசியலமைப்பை வரைந்த கை அப்போது உயிரோடிருந்தது. அன்று கொடுக்காதது குற்றம். பின்னர்க் கொடுத்தது அக்குற்றத்தை ஒப்புக்கொண்டதேயன்றி வேறன்று.

எல்லாவற்றினும் என்னை வருத்தியது அண்மையில் நிகழ்ந்தது. கும்பகோணத்திற் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், பஞ்சத்தின் வாயில் நின்ற நாட்டுக்குப் புதுக் கோதுமை வித்துக்களைக் கொணர்ந்து பசுமைப் புரட்சிக்கு வழிகோலியவர். 1987ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபொழுது அதனைப் பெற்றவர் அவரே. அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆந் திகதி தமது 98ஆம் வயதில் மறைந்தார். ஐந்து மாதங் கழியுமுன், 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், பாரத ரத்தினம் அறிவித்தனர்! அவ்வாண்டில் மூவர் என்னும் வரையறையும் மீறப்பட்டு ஐவர் பெற்றனர். ஐவருள் உயிரோடிருந்தவர் ஒருவர். வாழ்வோர்க்கு அளித்தல் கட்டாயம் என்ற விதி நின்றிருக்குமாயின், அம்முதியவரை அத்தனை ஆண்டுகள் காக்க வைத்திருப்பார்களா? எப்பொழுதும் கொடுக்கலாம் என்றால் இப்பொழுது கொடுக்கவேண்டியதில்லை என்பதே மனித இயல்பு. நீத்தார்க்குச் செய்யும் கடன் எமது மரபில் உண்டு. அதற்கு எள்ளும் நீரும் உண்டு, திதி உண்டு. பதக்கம் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகின்றேன். 1977ஆம் ஆண்டில் மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் இவ்விருதுகள் வேண்டா என நிறுத்திவைத்தது. 1980ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையார் மீண்டும் ஆட்சிக்கு வந்து உயிர்ப்பித்தார். அன்னை தெரேசா அவ்வாண்டிற் பெற்றார். 1991ஆம் ஆண்டிற் பாரத ரத்தினம் பெற்றோருள் மொரார்ஜி தேசாயும் ஒருவர். தொண்ணூற்றைந்து வயதில் ஏற்றுக்கொண்டார். நிறுத்தியவரையும் ஈர்த்த விருது என இதனைக் கொள்ளலாம். வேறு விதமாகவும் கொள்ளலாம்.

நோபெற் பரிசினர் எதிர்த் திசையிற் சென்றனர் என்பது கருதத்தக்கது. 1931ஆம் ஆண்டிற் கவிஞர் கார்ல்பெல்ற்றுக்கும், 1961ஆம் ஆண்டில் ஹமர்சீல்டுக்கும் மறைவின் பின் பரிசளித்தவர்கள், 1974ஆம் ஆண்டில் விதியை இறுக்கினர். பரிசு அறிவிக்கப்பட்டபின் இறந்தாலன்றி, இறந்தவர்க்கு இல்லை என வரையறுத்தனர். அதனால் அவர்கள் தவறவிட்ட பெரியோர் பலர். ஆயினும் தவறியது தவறியதே என்று அவர்கள் விட்டுவிடுகின்றனர்.

இனி எமது சங்கத்தாருக்கு என் வேண்டுகோள். விருதின் வடிவத்தை ஓவிய ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். அரசிலையோ வேறு இலையோ அவர் வரையட்டும். விதிகளை முதலில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருவர், தகுதியானவர் இல்லாத ஆண்டில் ஒருவருமில்லை. பாரத ரத்தினமும் 2001ஆம் ஆண்டின் பின்னர்ச் சில ஆண்டுகள் எவர்க்கும் வழங்கப்படாமலே இருந்தது, அதனாற் குறைந்ததொன்றில்லை. தெரிவுக் குழுவில் இருப்போர் பெறுதல் கூடாது. நன்கொடை அளித்தமை தகுதியாகாது. பெயரோடு சேர்த்து எழுதலாகாது. வாழ்வோர்க்கே வழங்குதல் வேண்டும். மறைந்த பெரியோர்க்கு மண்டபம் உண்டு, நினைவுரை உண்டு, அவர்கள் பெயரால் ஏழை மாணவர்க்கு உதவி உண்டு; அவற்றைச் செய்வோம்.

எமக்கு எழுத்தறிவித்து ஓய்வுபெற்று, இன்று ஊரிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலொன்றைத் தயாரித்து மலர்க் குழுவினரிடம் சென்ற மாதமே கொடுத்துள்ளேன். அதில் ஒன்பது பெயர்கள் உள்ளன. அவருள் இருவர் தொண்ணூறைக் கடந்தவர்கள்.